பார்க்கின்சன் வந்த அப்பாவுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. மனநல டாக்டரிடம் காட்டலாமா?

திருவாரூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியை ரொம்ப நாளாகப் படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு 67 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களுக்கு முன் பார்க்கின்சன் என்று சொன்னார்கள். வலது கை நடுக்கம், நடையும் மெதுவாகிவிட்டது. லெவோடோபா, கார்பிடோபா சேர்ந்த மாத்திரை மூன்று வேளை சாப்பிடுகிறார். நடுக்கம் ஓரளவு கட்டுக்குள்தான் இருக்கிறது. இப்போது என் கவலை அது இல்லை.

கொஞ்ச மாதங்களாக ஆளே மாறிவிட்டார். காலையில் டீக்கடைக்குப் போய், பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, நாலு பேரோடு அரசியல் பேசிவிட்டு வருவதுதான் அவருக்கு உயிர். கிளாஸைப் பிடித்தால் டீ தளும்பி வேட்டியில் கொட்டுகிறது என்று முதலில் அதை நிறுத்தினார். அப்புறம் ஒரு நாள் வங்கியில் பணம் எடுக்கப் போனபோது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காலமெல்லாம் ஊரார் கையெழுத்தைச் சரிபார்த்த மனுஷன். அவர் பெயரின் முதல் எழுத்து பழைய அளவில் இருக்கிறது, போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்து வெறும் புள்ளியாக நிற்கிறது. அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர், அதன்பின் வாசலைத் தாண்டுவதில்லை.

சாப்பாடு பாதியாகிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். பேரன் வீடியோ காலில் வந்தால்கூட முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. "எனக்கு எதுக்கும்மா இனிமே இதெல்லாம்" என்கிறார். அம்மா இல்லை. அண்ணன் குடும்பத்தோடு ஊரில் இருக்கிறார், நான் கோவையில்.

நரம்பியல் டாக்டர் விரலைத் தட்டச் சொல்கிறார், நடக்கச் சொல்கிறார், மருந்து எழுதுகிறார். மனசைப் பற்றி அவரும் கேட்பதில்லை, அப்பாவும் வாயைத் திறப்பதில்லை. மனநல டாக்டரிடம் காட்டலாம் என்றால் சித்தப்பா, "எங்கண்ணனுக்குப் பைத்தியப் பட்டம் கட்டப் போறியா" என்று சண்டைக்கு வருகிறார். இது நோயின் பகுதியா, இல்லை வயதின் கவலையா? என்ன செய்யலாம்?

கரிசல்காட்டான் எழுதியது:

தங்கச்சி, கோபப்படாதீங்க. கைகால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் யாருக்குத்தான் மனசு நன்றாக இருக்கும்? அதற்கும் ஒரு வியாதிப் பெயர் வைத்து, அதற்கும் ஒரு மாத்திரையா? எங்கள் பெரியப்பாவுக்கும் இதே நடுக்குவாதம்தான். கோயில், கல்யாணம், காதுகுத்து ஒன்றையும் விடாமல் கூட்டிக்கொண்டு போனோம். கடைசி வரை தைரியமாக இருந்தார். ஆளைத் தனியாக விடாதீர்கள், பேச்சுக் கொடுங்கள். மனோதைரியத்தை விடப் பெரிய மருந்து இல்லை.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

நான் அரசு மருத்துவமனை நரம்பியல் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கரிசல் அண்ணன் சொன்னதில் ஆளைத் தனியாக விடாதே என்பது சரி. மற்றதை ஒத்துக்கொள்ள முடியாது. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பார்க்கின்சன் உள்ளவர்களில் ஏறக்குறைய 35 சதவீதம் பேருக்குக் கவனிக்க வேண்டிய அளவில் மனச்சோர்வு அறிகுறிகள் இருக்கின்றன. இத்தனை பேரும் கோழைகளா? இன்னொன்றையும் யோசியுங்கள். வெறும் கவலை என்றால், வியாதியின் பெயரைக் கேட்ட பிறகுதானே வர வேண்டும்? பலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே மனச்சோர்வோ பதற்றமோ வந்துவிடுகிறது. மலச்சிக்கல், வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கத்திக் கைகாலை உதறுவது, இதெல்லாமும் அந்த வரிசையில் முன்கூட்டியே வருபவைதான்.

காரணம் மூளையில் இருக்கிறது. பார்க்கின்சன் என்றதும் எல்லோரும் டோபமைன் என்ற மூளை ரசாயனம் குறைவதைச் சொல்வார்கள். ஆனால் செரோடோனின், நார்அட்ரினலின் சுரக்கும் இடங்களும் இந்த நோயில் கெட்டுப்போகின்றன. அவை இருப்பது மூளைத்தண்டில். ஜெர்மானிய ஆய்வாளர் ஹைக்கோ பிராக்கும் அவருடைய குழுவினரும் 2003-இல் முன்வைத்த கருத்துப்படி, பலருக்கு நோய் அங்கே கீழிருந்து தொடங்கி மேலே ஏறுகிறது. டோபமைன் சுரக்கும் கரும்பொருள் என்ற பகுதிக்கு வந்து சேர்வது அதற்குப் பிறகுதான். மனநிலையைத் தாங்கிப் பிடிக்கிற ரசாயனங்கள் குறைந்தால் மனசு சரியத்தானே செய்யும்? கையெழுத்துச் சீட்டு போன்ற அவமானங்கள் அதன் மேல் வந்து விழுகின்றன. இரண்டும் உண்டு.

திருவாரூர்க்காரி அம்மா, ஒரு விஷயம். முகத்தில் சிரிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். இந்த நோயில் முகத்தசையே இறுகிவிடும். உள்ளுக்குள் சந்தோஷமாக இருப்பவர்களும் உம்மென்று தெரிவார்கள். குரல் தாழ்வது, எல்லாவற்றிலும் மெதுவாவது, இவையும் அப்படித்தான். இதனால் மனச்சோர்வு இல்லாதவரை இருக்கிறது என்பார்கள், இருப்பவரை "பார்க்கின்சன்தானே" என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் சொன்னதில் என்னைக் கவலைப்பட வைத்தது வேறு: விடியற்காலை விழிப்பு, சாப்பாடு குறைந்தது, பிடித்ததையெல்லாம் விட்டது, அந்த "எதுக்கு இனிமே".

இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சாகவேண்டும் என்கிற மாதிரி ஏதாவது பேசினாரா? பார்க்கின்சன் மாத்திரை தவிர வேறு என்னென்ன சாப்பிடுகிறார்? பெயர் தெரியாவிட்டால் அட்டையைப் பார்த்து எழுதுங்கள்.

திருவாரூர்க்காரி எழுதியது:

ரொம்ப நன்றி சிஸ்டர். இதுவரை யாரும் இப்படி எடுத்துச் சொல்லவில்லை.

"உங்கம்மா போன வழியிலேயே நானும் போயிருந்தா உங்களுக்குத் தொந்தரவு இருந்திருக்காது" என்று போன மாதம் சொன்னார். நான் அதட்டி வாயை அடைத்துவிட்டேன்.

மற்ற மாத்திரைகள், அண்ணி அட்டையைப் பார்த்துச் சொன்னது: பிரஷருக்கு ஒன்று. தலைச்சுற்றலுக்கு சின்னரிசைன், அது பக்கத்து கிளினிக்கில் கொடுத்தது. அதே கிளினிக்கில் "நரம்புத் தளர்ச்சி, மனசு தெளியும்" என்று இன்னொன்று. அதில் ஃப்ளூபென்டிக்சால், மெலிட்ராசென் என்று போட்டிருக்கிறது. இதை ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறாராம். எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

பகுதிப்_பொறுப்பாளர் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். சாவைப் பற்றிய பேச்சு வந்திருப்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். 14416 என்பது டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, பார்த்துக்கொள்பவரும் கூப்பிட்டுக் கேட்கலாம். இனி இழையைத் தொடருங்கள்.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

அம்மா, இதை இன்றைக்கே செய்யுங்கள். அண்ணனிடம் சொல்லி, வீட்டிலோ மோட்டார் கொட்டகையிலோ பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். மாத்திரைகள் அண்ணியின் பொறுப்பில் இருக்கட்டும், வேளைக்கு வேளை எடுத்துக் கொடுக்கட்டும். அடுத்தமுறை அவர் அப்படிப் பேசினால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "உயிரை விட்டுடலாம்னு தோணுதாப்பா? எப்படின்னு எதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போலாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. வார்டில் நாங்கள் கேட்டபோதெல்லாம், ஒருவராவது கேட்டார்களே என்று அழுதவர்கள்தான் அதிகம். யோசித்து வைத்திருக்கிறேன் என்று சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காத்திருக்கக் கூடாது.

மாத்திரை விஷயம். ஃப்ளூபென்டிக்சால் என்பது டோபமைனைத் தடுக்கிற மருந்து. ஒரு பக்கம் டோபமைனைக் கூட்ட மாத்திரை, இன்னொரு பக்கம் அதைத் தடுக்க மாத்திரை! சின்னரிசைனும் இதே வேலையைச் செய்யும். அதன் உறவுக்கார மருந்து ஃப்ளூனரிசைனும் அப்படித்தான், ஒற்றைத் தலைவலிக்கும் தலைச்சுற்றலுக்கும் கொடுப்பார்கள். வாந்திக்குப் போடுகிற மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், ரொம்பப் புலம்புகிறார் என்று போடுகிற ஹாலோபெரிடால், எல்லாமே பார்க்கின்சன்காரர்களுக்கு ஆகாதவை. நடை தளரும், முகம் இறுகும், மனசும் மந்தமாகும். நீங்களாக எதையும் பட்டென்று நிறுத்த வேண்டாம். அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் நரம்பியல் டாக்டரின் மேஜையில் கொட்டுங்கள். அவருக்கு அந்தக் கிளினிக் மாத்திரைகள் இருப்பதே தெரிந்திருக்காது.

வைகைக்கரை எழுதியது:

நான் இந்த நோயோடு இருப்பவன். வயது 61, மதுரைப் பக்கம். உள்ளே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், பாப்பா.

எனக்கு மாத்திரை நாலு வேளை. லெவோடோபா ரத்தத்தில் அதிக நேரம் தங்காது, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரம்ப வருடங்களில் மூளையே கொஞ்சம் சேமித்து வைத்துச் சமாளித்தது. இப்போது அந்தச் சேமிப்பு இல்லை. அடுத்த மாத்திரைக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போதே கை இறுகும். கைக்கு முன்னால் மனசு இறங்கும். மோட்டார் நின்றதும் குழாயில் தண்ணீர் வடிந்து நிற்குமே, அந்த மாதிரி. ஒரு காரணமும் இருக்காது. மனைவி காபி கொண்டுவந்து வைப்பாள், அதைப் பார்த்து அழுகை வரும். இவளுக்கு நாம் பாரம், பிள்ளைகளுக்கு நாம் பாரம் என்று ஒன்று மாற்றி ஒன்று ஓடும். நெஞ்சு படபடக்கும். ஹார்ட் அட்டாக் என்று நினைத்து ஒருமுறை ஆஸ்பத்திரிக்கே ஓடினோம். ஈசிஜி சுத்தமாக இருந்தது. மாத்திரை போட்டு அரை மணி, முக்கால் மணியில் மேகம் விலகிவிடும். அரை மணிக்கு முன் உலகமே முடிந்தது என்று நினைத்தவன், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பேன்.

இதை டாக்டரிடம் வாயால் சொன்னபோது அவருக்குப் பிடிபடவில்லை. மகன் ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தான். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, கை எப்படி, மனசு எப்படி. மனசுக்குப் பத்துக்கு மார்க். ஒரு வாரம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டியதும் டாக்டர் அதைத் தன் பக்கம் இழுத்துவைத்து விரலால் கோடு போட்டுப் பார்த்தார். மார்க் விழுகிற நேரமெல்லாம் மாத்திரை தீர்கிற நேரம். எனக்கு மனச்சோர்வு மருந்து எழுதவில்லை. இடைவெளியைக் குறைத்து, வேளையைக் கூட்டினார். மதியம் பருப்பும் முட்டையும் சேர்ந்த சாப்பாட்டோடு மாத்திரை போடுவதையும் மாற்றினார். புரதம் லெவோடோபாவோடு போட்டிபோட்டு அதை உள்ளே விடாதாம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போட்டுவிட வேண்டும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. நாள் முழுக்க, மாத்திரை வேலை செய்கிற நேரத்திலும் மனசு இருட்டாகவே இருந்தால் அது வேறு கதை, அதற்கு வேறு மருந்து. எது என்று நோட்டு சொல்லிவிடும்.

கரிசல் அண்ணாச்சிக்கு ஒன்று. முகமது அலி 1980-இல் மெட்ராஸ் வந்தார், நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார், எம்.ஜி.ஆரும் அங்கே இருந்தார். நான் பள்ளிக்கூடப் பையன். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் எல்லோரும் குத்துச்சண்டை வீரர்கள்தான். நாலே வருடத்தில் அவருக்கு இந்த நோய் என்றார்கள். அலியிடம் இல்லாத மனோதைரியமா? தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை அண்ணாச்சி.

கரிசல்காட்டான் எழுதியது:

அலியை இழுத்துவிட்டீர்கள், நான் என்ன சொல்ல. சரி, மூளையில் கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். வெளியே கூட்டிப் போவது, நடக்க வைப்பது, இதெல்லாம் வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஆளை மூலையில் உட்கார வைக்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

அதில் நான் உங்கள் கட்சிதான் அண்ணா. உடற்பயிற்சியை இப்போது மருந்துச் சீட்டிலேயே எழுதுகிறார்கள்.

பச்சிலைப்_பிரியன் எழுதியது:

பூனைக்காலி விதைப் பொடியை ஏன் யாரும் சொல்லவில்லை? நடுக்குவாதத்துக்கு நம் ஆட்கள் காலங்காலமாகக் கொடுப்பது. பாலில் கலந்து குடித்தால் பக்கவிளைவே கிடையாது.

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

பூனைக்காலியில் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதில் லெவோடோபாவே இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து 1937-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் தாமோதரன், ராமசுவாமி என்கிற இரண்டு பேர், நம் மெட்ராஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில். உலகம் லெவோடோபாவை மருந்தாக எடுத்துக்கொள்ளக் கிட்டத்தட்ட இன்னும் முப்பது வருடம் ஆனது. நம் பாடப்புத்தகத்தில் இது ஏன் இல்லை என்பது என் தனிப்பட்ட புலம்பல்.

ஆனால் லெவோடோபா இருப்பதால்தான் "பக்கவிளைவே கிடையாது" என்று சொல்ல முடியாது. மாத்திரையில் 100 மில்லிகிராம் என்றால் 100 மில்லிகிராம். பொடியில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்பது விதைக்கு விதை மாறும். ஏற்கெனவே மூன்று வேளை மாத்திரை போடுகிறவர் அதன் மேல் பொடியும் சாப்பிட்டால் அளவு எகிறும். வாந்தி, எழுந்தால் பிரஷர் இறங்குவது, குழப்பம், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, எல்லாம் வரலாம். சாப்பிடுவதானால் டாக்டருக்குத் தெரிந்து சாப்பிடட்டும்.

மூலிகை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தை 1950களில் பிரஷருக்கு நிறையக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட சிலருக்கு உடம்பு இறுகிப் பார்க்கின்சன் மாதிரி ஆனது. சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்ததாகவும் அப்போதே டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ரெசர்பின் மூளையில் டோபமைன், செரோடோனின், நார்அட்ரினலின் மூன்றின் இருப்பையும் காலி செய்வது. ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்வித் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு லெவோடோபா செலுத்தினார், அவை எழுந்து ஓடின. அந்த ஆராய்ச்சிக்காகத்தான் 2000-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. உடம்பையும் மனசையும் தனித்தனி இலாகாவாகப் பிரித்துவைப்பது நாம் செய்கிற வேலை. மூளைக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

மலைக்கோட்டை_ராசாத்தி எழுதியது:

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு 54 வயது. லெவோடோபாவோடு பிராமிபெக்சால் என்ற மாத்திரையும் கொடுத்தார்கள். மனச்சோர்வுக்கும் அது கொஞ்சம் உதவும் என்று சொன்னார்கள். உண்மையாகவே கலகலப்பானார், ஆறு மாதம் நன்றாகப் போனது. அப்புறம் ராத்திரியெல்லாம் போனும் கையுமாக இருந்தார். ஆன்லைன் ரம்மி. வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாத மனுஷன். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தில் பெரிய துண்டு போய்விட்டது. நான் அவர் குணமே கெட்டுவிட்டது என்று நினைத்து, பேசாமல் இருந்தேன். மாமியார் செய்வினை என்றார்.

வேறொரு டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கேட்டார்: "சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது, வேறு விதமான ஆசைகள், ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா?" இந்த வகை மாத்திரையில் இது தெரிந்த பக்கவிளைவாம். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ரம்மி நின்றது. ஆனால் குறைக்கும்போது அவர் பட்ட பாடு! வேர்வை, பதற்றம், அழுகை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வது. ரம்மி ஆடிய நாளை விட அந்த வாரங்கள்தான் எனக்கு மோசம். இந்த மருந்தை விடும்போது சிலருக்கு அப்படி வரும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கினோம்.

சொல்ல வந்தது, மனசு நன்றாக இருக்கிறது என்று மருந்தை மறந்துவிடாதீர்கள். அளவுக்கு மீறி உற்சாகமாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயமாக இருந்தாலும் சொல்லுங்கள், நான் வெட்கப்பட்டதில் நிறையப் பணம் போனது.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

ராசாத்தி, நீங்கள் எழுதியதற்கு நன்றிம்மா. இதை வீட்டுக்காரர்கள் வெளியே சொல்வதே இல்லை. அந்த மாத்திரை வகையில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் என்கிற கணக்கில் இது வருவதாக ஒரு பெரிய வட அமெரிக்க ஆய்வில் வந்தது. உங்களுக்கும் தூக்கம் உண்டா, சாப்பிடுகிறீர்களா? பார்த்துக்கொள்பவர்களுக்கும் மனச்சோர்வு வரும், அவர்களை யாரும் கேட்பதில்லை.

யாழ்_முற்றம் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட அம்மாவுக்கும் இந்த வருத்தம்தான். ஆனா நீங்கள் சொல்லுற மாதிரி அழுகையோ கவலையோ அவவிட்ட இல்லை. நல்லாச் சாப்பிடுவா, நித்திரையும் கொள்ளுவா. "அம்மா கவலையா?" எண்டு கேட்டா "இல்லையே, ஏன்?" எண்டு கேப்பா. ஆனா ஒண்டையும் தானாத் தொடங்க மாட்டா. பூக்கண்டு எண்டா அவவுக்குப் பைத்தியம், இப்ப அது வாடினாலும் பாத்துக்கொண்டு இருக்கிறா. தண்ணி வாளியைக் கையில குடுத்தா ஊத்துவா. அக்கா சோம்பேறித்தனம் எண்டு ஏசுறா. மனச்சோர்வுக்குக் குளிசை குடுத்தவை, ஒரு மாற்றமும் இல்லை.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

இது மனச்சோர்வு இல்லாமல் இருக்கலாம் தங்கச்சி. பற்றின்மை என்று தனியாக ஒன்று பார்க்கின்சனில் உண்டு. மூளையில் "கிளம்பு" என்று தள்ளிவிடுகிற சக்தி குறைந்துபோவது. சோகம் இருக்காது, குற்ற உணர்வு இருக்காது, சாகும் எண்ணமும் இருக்காது. அவர்களுக்கு ஒரு கஷ்டமும் தெரியாது, பார்க்கிற நமக்குத்தான் பற்றி எரியும். மனச்சோர்வோடு சேர்ந்தும் வரும், தனியாகவும் வரும். செரோடோனின் வகை மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகப் பிடிக்காது, சிலருக்கு இன்னும் மந்தமாக்கிவிடும். அம்மாவுக்குக் கொடுத்தது அந்த வகையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வாளியைக் கையில் கொடுத்தால் ஊற்றுகிறார் என்றீர்களே, வழி அதிலேயே இருக்கிறது. "ஏதாவது செய்யுங்களேன்" என்றால் நடக்காது. காலை எட்டு மணி என்றால் வாளி கையில், ஐந்து மணி என்றால் செருப்பு காலில், என்று நேரம் குறித்து வைத்துவிடுங்கள். அக்காவிடம் சொல்லுங்கள், சோம்பேறித்தனம் இல்லை.

யாழ்_முற்றம் எழுதியது:

அக்காவுக்கு இதை அப்பிடியே வாசிச்சுக் காட்டிட்டன். ஒண்டும் கதைக்கேல்ல. பின்னேரம் அவவே வாளியைக் கொண்டுபோய்க் குடுத்தவ.

வேதியியல்_வாத்தியார் எழுதியது:

திருவாரூர்க்காரிக்கு, வங்கிக் கையெழுத்து பற்றி. உடல்நலம் இல்லாமல் கையெழுத்துப் போட முடியாதவர்கள் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் வழிமுறை இருக்கிறது. இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரி. ஆனால் வங்கியில் வேலை பார்த்தவரைக் கைநாட்டு வைக்கச் சொல்வது கொடுமை. மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில் கூட்டிப் போய், இப்போது வருகிற கையெழுத்தையே புதிய மாதிரியாகப் பதிவு செய்துவிடுங்கள். இன்னொன்று, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பார்க்கின்சனும் பட்டியலில் இருக்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

திருவாரூர்க்காரி எழுதியது:

ஊருக்குப் போய்விட்டு வந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சிஸ்டர் சொன்னபடி அப்பாவிடம் நேராகக் கேட்டேன். கேட்பதற்குள் எனக்குத்தான் நாக்கு உலர்ந்தது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "செத்தா தேவலன்னு தோணும்மா, ஆனா எதையும் பண்ணிக்க மாட்டேன், உங்கண்ணன் தலையில பழி விழும்" என்றார். பிறகு ஒரு மணி நேரம் பேசினார். அம்மாவைப் பற்றி, அந்தச் சீட்டைப் பற்றி, ராத்திரியில் தனக்கு வருகிற பயத்தைப் பற்றி. பூச்சிமருந்து கொட்டகையில் இரண்டு டப்பா இருந்தது, அண்ணன் எடுத்துவிட்டார்.

நோட்டு ஒரு வாரம் எழுதினோம். அண்ணிதான் எழுதினார், மார்க் அப்பா போட்டார். பழைய வங்கிக்காரர், கட்டத்தை ஸ்கேல் வைத்துப் போடச் சொல்லி அண்ணியை உயிரை எடுத்தாராம். வைகைக்கரை ஐயாவுக்கு வந்த மாதிரி ஏற்ற இறக்கம் இவருக்கு அவ்வளவாக இல்லை. எல்லா நேரத்திலும் மூன்று, நாலு மார்க்தான்.

நரம்பியல் டாக்டர் மாத்திரை அட்டைகளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதை யார் கொடுத்தது?" என்று கேட்டார். சின்னரிசைனை நிறுத்தினார், ஃப்ளூபென்டிக்சாலைக் குறைத்து நிறுத்தச் சொன்னார். அந்தத் தலைச்சுற்றலே எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்குவதால் வருவது என்று, படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்துச் சொன்னார். தைராய்டு, பி12 டெஸ்ட் எழுதினார். பி12 குறைவாக இருந்தது, ஊசி போடுகிறார்கள். மனச்சோர்வு இருக்கிறது என்று அவரே சொல்லி, அதே கட்டடத்தில் இருக்கும் மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினார். "இது நான் பார்க்கிற வியாதியின் பகுதிதான், ஆனால் மனசு விஷயத்தில் அவர் கை தேர்ந்தவர்" என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார். சித்தப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. அவரைக் கூட்டிப் போனது நல்லதாகப் போயிற்று.

செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறார்கள். அதோடு வாரம் ஒரு முறை கவுன்சலிங். இரண்டு வாரம் ஆகிறது, எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. அப்பா, "இதுவும் சும்மாதான்" என்கிறார். நிறுத்திவிடலாம் என்று வேறு சொல்கிறார். நடுக்கம் லேசாகக் கூடியிருக்கிற மாதிரி இருக்கிறது. இதனால்தானா?

வார்டு_சிஸ்டர் எழுதியது:

நிறுத்த விடாதீர்கள். இந்த மருந்துகள் பிடிக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். பக்கவிளைவு முதலில் வரும், பலன் பின்னால் வரும், அதனால்தான் பலர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பார்க்கின்சன்காரர்களில் சிலருக்குப் பராக்செட்டின், சிலருக்கு வென்லாஃபாக்சின் என்று 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களை விட இவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது, நடையும் அசைவும் மோசமாகவில்லை. செர்ட்ராலினும் பராக்செட்டின் இனத்து மருந்துதான். சிலருக்கு நடுக்கம் லேசாகக் கூடலாம், பெரும்பாலும் பயப்படும்படி இருக்காது. நோட்டில் எழுதிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். கவுன்சலிங்கை விட வேண்டாம். எண்ணங்களைப் பிடித்துச் சரிபார்க்கக் கற்றுத்தருகிற சிகிச்சை பார்க்கின்சன் மனச்சோர்வுக்கும் நன்றாக வேலை செய்கிறது என்று 2011 ஆய்வில் வந்திருக்கிறது.

வயதானவர்களுக்கு இந்த வகை மாத்திரையில் சோடியம் இறங்கலாம். குழப்பம், தள்ளாட்டம், அதிகத் தூக்கம் தெரிந்தால் காத்திருக்காமல் ரத்தம் பாருங்கள். ஒன்றுமில்லாவிட்டாலும் அடுத்த முறை போகும்போது ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பார்க்கின்சனுக்கு ரசாஜிலின், செலிஜிலின் புதிதாகச் சேர்த்தால், செர்ட்ராலின் சாப்பிடுவதை முதலில் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அபூர்வமாகக் காய்ச்சல், உதறல், குழப்பம் என்று ஆபத்தாக முடியும்.

கரிசல்காட்டான் எழுதியது:

அந்த டீக்கடைக் கூட்டாளிகளை வீட்டுக்கு வரச்சொல்லுங்க தங்கச்சி. பெரிய டம்ளரில் பாதி டீ ஊற்றிக் கொடுத்தால் தளும்பாது. எங்கள் பெரியப்பாவுக்கு அப்படித்தான் கொடுப்போம்.

யாழ்_முற்றம் எழுதியது:

வைகைக்கரை ஐயா, அந்தக் கொப்பியில கட்டம் எப்பிடிப் போடுறது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. அம்மாவுக்கும் எழுதிப் பாப்பம்.

வைகைக்கரை எழுதியது:

பெரிய வித்தை இல்லை அம்மா. இடப்பக்கம் மணி, காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை. பக்கத்தில் நாலு கட்டம்: மாத்திரை, சாப்பாடு, கைகால், மனசு. உங்கள் அம்மாவுக்கு மனசு என்பதற்குப் பதில், தானாக எதையாவது தொடங்கினாரா என்று ஒரு கட்டம் போடுங்கள். ராத்திரி தூக்கத்துக்கு அடியில் ஒரு வரி. மார்க்கை அவரையே போடச் சொல்லுங்கள், நாம் போட்டால் நம் கவலைதான் அதில் ஏறும். ஒரு வாரம் போதும், அதற்கு மேல் எழுதினால் டாக்டரும் படிக்கமாட்டார்.